நாலு கட்டைக்கும் இரண்டரைக்கும் நடுவில்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பத்து வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெண்மணி நின்றுகொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்து அவர் செத்துப்போனவர் இல்லை. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் தன் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர்தான். அப்படியும், விழுப்புரத்தில் என் வீட்டுக் காலிங்பெல் அடிக்கும்போதெல்லாம் அவர்தான் வந்துவிட்டார் என்று தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றுவிடுவேன். கதவைத் திறந்தால் சிலிண்டர் போடுகிறவர் நிற்பார். எதற்கு இப்படி பெல்லை அழுத்துகிறீர்கள் என்று அந்த மனிதர்மேல் எரிந்து விழுவேன். அவர் என்ன செய்வார் பாவம். தப்பு செய்தவள் நான்.

தொண்ணூற்று மூன்றில் நான் விழுப்புரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கட்சிக்காரர் வீட்டுக் காதுகுத்து என்று எது வந்தாலும் போவோம். குழுவில் எல்லாரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாடுகிற பெண்ணை விட்டால் மேடையில் நான் ஒருத்திதான் பெண். கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், தபேலா வாசித்த நாலு பேருக்கும் அது உள்ளுக்குள் உறுத்தல். நான் ஒரு சுரம் தவறினால் போதும், நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவே ஆகாது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், இப்போதும் அப்படித்தான்.

சிரிக்காத ஒரே ஆள் கிளாரினெட்காரர். அவர் ஊர் திண்டிவனம் பக்கம். கல்யாண ஊர்வலத்திலும் சாவு ஊர்வலத்திலும் பேண்டு செட்டோடு நடந்துகொண்டே வாசிப்பார். வரவேற்பு என்றால் சட்டையை மாற்றிக்கொண்டு எங்களோடு வந்து உட்காருவார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் அண்ணா என்பேன். சுரம் எழுதிய நோட்டேஷன் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர், அது எங்கள் பக்கத்தில் அபூர்வம்.

கிளாரினெட்டுக்கு ஒரு குணம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணுவோம், நடுவில் வரும் கறுப்புக் கட்டைகளை அரை என்போம். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவிலும், ஏழுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவிலும் கறுப்பு கிடையாது. கிளாரினெட்டில் ஒரு கட்டை என்று விரல் வைத்தால் அதிலிருந்து வருவது அதற்குக் கீழே இருக்கிற ஆறரைக் கட்டை. அதாவது விரல் சொல்வதைவிடச் சத்தம் ஒரு முழுப் படி கீழே இருக்கும். அந்த வாத்தியத்தின் பிறவி அப்படி. அதனால் நான் ஒரு கட்டையில் வாசித்தால் அவர் இரண்டில் விரல் வைக்க வேண்டும். "உங்க ஒண்ணு எனக்கு ரெண்டு டீச்சர்," என்பார் சிரித்துக்கொண்டே. முதல் வருஷம் முழுக்க நான் இதில் குழம்பினேன். அவர் ஒரு நாளும் குழம்பியதில்லை. பாடுகிற பெண்ணுக்குத் தொண்டை கட்டி, பாட்டு நடுவில் சுருதி இறங்கினால்கூட, இரண்டு தாளத்துக்குள் அவர் அவளோடு இறங்கிவிடுவார். அவர் பின்னாலேயே நாங்கள் எல்லாரும் இறங்குவோம். கேட்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது.

ஏழெட்டு வருஷம் இப்படிப் போனது. அப்புறம் நான் கம்ப்யூட்டர் வாங்கினேன். பாண்டிச்சேரியில் தெரிந்தவர் ஒருவர் ஒரு சாஃப்ட்வேரை சிடியில் போட்டுக் கொடுத்தார். பாட்டோடு சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டுகளை, கார்டு என்போம், வரிசையாக டைப் அடித்து, எந்த மாதிரி தாளம், என்ன வேகம் என்று சொல்லிவிட்டால் போதும். டிரம்ஸ், பேஸ், கிட்டார், தபேலா எல்லாவற்றையும் அதுவே வாசிக்கும். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூடவே அந்த நாலு பேரின் முகமும் ஞாபகம் வந்தது, அதையும் மறைக்கக் கூடாது.

ஆறே மாதத்தில் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும், "பொட்டியோட வந்துடுங்க, போதும்," என்று கம்ப்யூட்டரை மட்டும் கொண்டுவரச் சொல்ல ஆரம்பித்தார்கள். நாலு நாற்காலிகள் மேடையில் குறைந்தன. நான் ஒரு வார்த்தை வருந்தியதில்லை. மாறாக, கேட்டவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். "பொட்டி லேட்டா வராது, பீடி புடிக்கப் போகாது, தப்பு பண்ணவே பண்ணாது." இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கிளாரினெட் மட்டும் மிஞ்சியது. பெட்டிக்குள்ளேயும் கிளாரினெட் இருந்தது, ஆனால் அது திருவிழாவில் விற்கிற பிளாஸ்டிக் ஊதல் மாதிரி இருந்தது. அண்ணாவுக்கு நிகராக அதனால் மூச்சு விட முடியவில்லை.

அந்த சாஃப்ட்வேரில் ஒரு இடம் உண்டு. உங்கள் கையில் இருப்பது என்ன வாத்தியம் என்று அது கேட்கும். பி ஃபிளாட் கிளாரினெட், அதாவது ஆறரைக் கட்டைக் கிளாரினெட், என்று குறித்துவிட்டால், திரையில் தெரிகிற சுரம், கார்டு எல்லாம் ஒரு படி மேலே ஏறிவிடும். சத்தம் மாறாது. பாட்டு நாலு கட்டையிலேயே ஒலிக்கும், ஆனால் எழுத்து மட்டும் அவருக்குத் தோதாக ஐந்து கட்டை என்று காட்டும். அதை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கணக்கு அதுக்கும் தெரிஞ்சிக்கினு இருக்குதே!" என்று குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார். பிளாஸ்டிக் கவர் வாங்கி அதற்குள் போட்டு வைத்துக்கொண்டார்.

இன்னொரு இடமும் அதே திரையில், பக்கத்திலேயே உண்டு. பாட்டின் கட்டையையே மாற்றுகிற இடம். அங்கே கை வைத்தால் சத்தமும் சேர்ந்து மாறும். ஒன்று கண்ணுக்கு, மற்றது காதுக்கு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரியும். மற்றவர்களுக்குக்கூட விளக்கியிருக்கிறேன்.

அந்த வருஷம் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பேண்டு மாஸ்டர் தேடினார்கள். மாதச் சம்பளம். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டாம், வெயிலில் சாவு ஊர்வலத்தோடு நடக்க வேண்டாம். பள்ளியின் தாளாளர், ஆண்டு விழாவில் ஒரு பாட்டு தனியாக வாசியுங்கள், பெற்றோர் எல்லாரும் கேட்கட்டும், நன்றாக இருந்தால் ஜூனிலிருந்து வேலை என்று அண்ணாவிடம் சொல்லியிருந்தார். அண்ணா என்னிடம் வந்தார். "பொட்டி கூட இருந்தா தைரியமா வாசிப்பேன் டீச்சர். அதுதான் தப்பு பண்ணாதில்ல."

எங்கள் வீட்டு முன்னறையில் நாலு நாள் ஒத்திகை பார்த்தோம். பாட்டு நாலு கட்டை, அவர் காகிதத்தில் ஐந்து. அவ்வளவு அழகாக அவர் வாசித்து நான் கேட்டதில்லை.

விழாவன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் கரண்ட் போய்ப் போய் வந்தது. கம்ப்யூட்டர் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாம் தடவை அது எழுந்து வருவதற்குள், அடுத்தது கிளாரினெட் இசை என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். அவசரத்தில் பாட்டைத் திறந்தேன். திரையில் ஐந்து கட்டை என்று இருந்தது. ஐயோ, நாலில் அல்லவா இருக்க வேண்டும், கரண்ட் போனதில் மாறிவிட்டதே என்று பதறிப்போய், பாட்டையே ஒரு படி இறக்கி நாலு என்று தெரியும்படி செய்தேன். அப்பாடா என்று அவருக்குத் தலையாட்டினேன்.

எதுவும் மாறியிருக்கவில்லை. ஒத்திகையில் குறித்த கிளாரினெட் கணக்கு அப்படியே இருந்ததால்தான் திரை ஐந்து காட்டியது. நான் இறக்கியதில் பெட்டி இரண்டரைக் கட்டைக்குப் போய்விட்டது. அண்ணா காகிதத்தில் இருந்தபடி ஐந்தில் விரல் வைத்தார், அது நாலில் ஒலித்தது. மூன்றரை என்று ஒன்று கிடையாது, அதனால் நாலுக்கும் இரண்டரைக்கும் நடுவில் ஒரு முழுப் படி. இரண்டும் சேர்ந்து ஒலித்தபோது மாவு அரைக்கும் கல்லில் மணல் விழுந்ததுபோல் இருந்தது.

அண்ணா நிறுத்தினார். வாத்தியத்தின் கழுத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பார்த்தார். வெக்கையில் சுருதி ஏறியிருக்கும் என்று நினைத்திருப்பார். மறுபடி வாசித்தார். அதே உரசல். அரை நிமிஷம் கீழே இறங்கி வாசித்தார், அது சரியாகப் பொருந்தியது. அப்போது எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் காகிதத்தைப் பார்த்தார். அதில் ஐந்து என்று அச்சடித்திருந்தது. மறுபடி மேலே ஏறிவிட்டார். அவர் காது சொன்னதை விட்டுவிட்டு, நான் கொடுத்த காகிதம் சொன்னதை எடுத்துக்கொண்டார். பெட்டி யாருக்காகவும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. முன்வரிசையில் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் பெரியவர்களும் சிரித்தார்கள்.

நாலாவது வரியில் எனக்குப் புரிந்துவிட்டது. திரையின் மூலையில் பி ஃபிளாட் என்று சின்னதாக இருந்தது. நிறுத்தி, கையைத் தூக்கி, மன்னிக்கணும், தப்பு என்னுடையது, மறுபடி ஆரம்பிக்கிறோம் என்று சொன்னால் போதும். பத்து வினாடி வேலை. எனக்கு அந்த நாலு பேரின் சிரிப்புதான் காதில் கேட்டது. செய்தி விழுப்புரம் போய்ச் சேர ஒரு நாள் ஆகாது. நான் பாட்டு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேடைக்குப் பின்னால் தாளாளர் மரியாதையாகத்தான் பேசினார். "சாருக்குக் காது கொஞ்சம் பிரச்சினை போல இருக்கு. அப்புறம் பார்க்கலாம்." நான் குனிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அண்ணா வாத்தியத்தைத் துடைத்தபடி என்னிடம் கேட்டார்.

"டீச்சர், நான் அஞ்சுலதான வச்சேன்?"

"பேப்பர்ல அஞ்சுதான் இருக்கு அண்ணா," என்றேன்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதனால்தான் அந்த வாக்கியம் பொய்யைவிட மோசமானது.

பத்து நாள் கழித்து, ஒரு காலை வேளையில் காலிங்பெல் அடித்தது. வாசலில் நாற்பது வயதுப் பெண்மணி, கையில் துணிப்பை.

"டீச்சரு ஊடு இதானாம்மா? நான் கிளார்நெட்டுக்காரரு சம்சாரம். கொஞ்சம் சத்தமா பேசுங்க, எனக்கு ஒரு பக்கம் காது கேக்காது."

உள்ளே வரச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலிலேயே நின்றார். பையில் பச்சை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டுவந்திருந்தார்.

"அந்தாளு சரியா சாப்புடறது இல்லம்மா. காது போயிடிச்சி, காது போயிடிச்சின்னே சொல்லிக்கினு இருக்கறாரு. நான் ஒத்துக்கல. பாட்டு பத்தி எனக்கு இன்னா தெரியும், பாதிக் காதுதான. ஆனா அவரு மூஞ்சி எனக்குத் தெரியும். தப்பா வாசிச்சிட்டாருன்னா எடது புருவம் மேல போவும். கண்ணாலத்துல, சாவுல, எங்க வாசிச்சாலும் நான் பாத்துக்கினுதான் இருக்கறேன். அன்னிக்கி நானும் வந்திருந்தேன், பின்னால நின்னுக்கினு இருந்தேன். புருவம் போவவே இல்ல. அவரு தப்பா வாசிக்கலம்மா."

எட்டு வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். அந்தப் புருவத்தை நான் ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.

"பொட்டி ஏதாச்சும் பிசகிச்சாம்மா? அதைக் கேட்டுக்கினு போவலாம்னுதான் வந்தேன். வேலை போனா போவுது. அவருகிட்ட சொல்லணும்."

இப்போது நினைத்தாலும் எனக்கு நம்பமுடியவில்லை. அந்த அக்கா என்னைத் திட்டவில்லை, சண்டைக்கு வரவில்லை. ஒரே ஒரு ஆமாம்தான் கேட்டார். என் வாயில் வந்தது வேறு.

"இல்லக்கா. பொட்டி தப்பு பண்ணாது."

அவர் கேட்கிற காதை என் பக்கம் திருப்பினார். "இன்னாம்மா?"

அந்தப் பொய்யை நான் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. "பொட்டி தப்பு பண்ணாதுக்கா!" பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்பிடின்னா சரி. படிச்சவங்க நீங்க பொய்யா சொல்லப்போறீங்க." பையை என் கையில் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனார். அந்த மல்லாட்டையை என் கணவர் வேகவைத்துத் தின்றார். உப்பு சரியாக இருக்கிறது என்று என்னிடமும் நீட்டினார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அண்ணா அதன்பிறகு எங்கும் வாசிக்க வரவில்லை. நானும் ஒரு வருஷத்தில் மேடையை விட்டுவிட்டேன். ஆனால் அந்த ஒரு படி என்னை விடவில்லை. மிக்சி ஓடும்போது பக்கத்து வீட்டு டிவியில் பாட்டு வந்தால், இரண்டும் ஒரு படி தள்ளி உரசுவதாகக் கேட்கும். ஜங்ஷனில் இரண்டு ரயில்கள் சேர்ந்தாற்போல் ஊதினால் நின்ற இடத்தில் நின்றுவிடுவேன். என் மகள் பள்ளியில் பாடுவதை ஒரு நாளும் ஒழுங்காக ரசித்ததில்லை. கண் அவள் புருவத்தைப் பார்க்கும். ஊரில் இருக்கிற எல்லாரும் சரியாகப் பாடிக்கொண்டிருக்க, என் காதுக்குள் மட்டும் இன்னொரு பாட்டு கீழே ஓடிக்கொண்டிருந்தது. போய்ச் சொல்லிவிடலாம் என்று திண்டிவனம் பஸ்ஸில் நாலைந்து தடவை ஏறியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நடுவழியில் இறங்கித் திரும்பி வந்தேன். கோழைத்தனம்தான், வேறு பேர் அதற்கு இல்லை.

பன்னிரண்டு வருஷம் கழித்து, மகள் கல்லூரியில் சேர்ந்தபோது பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னாள். தூக்குவதற்கு முன் ஒரு தடவை ஓட விட்டுப் பார்த்தேன். முக்கி முனகி எழுந்தது. அந்தப் பாட்டைத் திறந்தேன். மூலையில் பி ஃபிளாட். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு நான் அதைத் தொட்டதே இல்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெட்டி, வராத ஒரு கிளாரினெட்டுக்காகக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது. அன்றைக்கே கிளம்பினேன்.

அண்ணா திண்டிவனத்துக்கு முன்னாலேயே வரும் கூட்டேரிப்பட்டில் ரோட்டோரமாகப் பங்சர் கடை வைத்திருப்பதாக எங்கள் பழைய டிரம்ஸ்காரர் எப்போதோ சொல்லியிருந்தார். போய் இறங்கினால், தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஒரு ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்க டீச்சர், வாங்க. உக்காருங்க." ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ சொன்னார். ட்யூபில் காற்று சீறுவது எனக்கே கேட்டது. அவர் மறுபடி தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடினார். நான் பார்ப்பதைப் பார்த்து, "காதை நம்பறது இல்ல டீச்சர். கண்ணால பாத்தாத்தான் எனக்கு ஒப்புது," என்றார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் போனது, திரையில் ஐந்து தெரிந்தது, நான் இறக்கியது, பெட்டி இரண்டரையில் வாசித்தது, நாலாவது வரியிலேயே எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் உட்கார்ந்திருந்தது. அவர் கையில் இருந்த ட்யூபிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப நாலுலதான் நான் வாசிச்சிருக்கறேன்," என்றார்.

"ஆமாம் அண்ணா. நீங்க சரியா வாசிச்சீங்க."

ட்யூபைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அவர் பேசியது, என்னைத் திட்டுவதற்காக இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

"காது போயிடிச்சின்னு பத்து நாளு நான் அரைகொறையாத்தான் நம்பிக்கினு இருந்தேன் டீச்சர். அவதான் உட மாட்டேன்னு சொல்லிக்கினு இருந்தா. நீ தப்பா வாசிக்கல, பொட்டிதான் தப்புன்னு. உனக்கு இன்னாடி தெரியும், செவுடி, கம்முனு இருன்னு நான் கத்துவேன். ஆனா அவ சொல்றதக் கேக்க நல்லா இருக்கும். ஒரு நாளு எங்கியோ போய்க்கினு வந்தா. உங்கள போயி கேட்டுக்கினு வந்தேன், பொட்டி மேல தப்பு இல்லியாம்னு சொன்னா. அதுக்கப்பறம் அவ அந்தப் பேச்சையே எடுக்கல. அடுத்த சந்தையில வாத்தியத்த வித்துட்டேன்."

ஆண்டு விழாவில் ஒரு வேலைதான் போனது. அவருடைய வாசிப்பு போனது என் வீட்டு வாசலில். இத்தனை வருஷம் நான் பள்ளிக்கூட மேடையை நினைத்து அழுதிருக்கிறேன், அது தப்பான இடம்.

"அக்கா எங்கே அண்ணா? அவங்ககிட்டேயும் சொல்லணும்," என்றேன்.

அவர் கடைக்குள்ளே கையைக் காட்டினார். காற்றடிக்கும் கம்ப்ரசருக்கு மேலே சுவரில் அந்த முகம் மாட்டியிருந்தது. பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தது. "மூணு வருஷம் ஆவுது," என்றார். "சாவற வரிக்கும் எம்மேல ஒரு கொறை சொன்னது இல்ல. ஆனா அவ சொன்னது சரின்னு யாருமே அவகிட்ட சொல்லல டீச்சர். நீங்க போயி சொல்லுங்க."

ட்யூபுகளையும் டயர்களையும் தாண்டி உள்ளே போய் நின்றேன். பன்னிரண்டு வருஷம் என் வாசலில் நின்றவர் எதிரில், இப்போது நான் நின்றேன்.

"அக்கா, தப்பு எம்மேலதான். அவர் சரியாத்தான் வாசிச்சார்," என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பின்னாலிருந்து அண்ணாவின் குரல் வந்தது.

"சத்தமா சொல்லுங்க டீச்சர். அவளுக்கு ஒரு பக்கம் காது கேக்காது."

சத்தமாகச் சொன்னேன். பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.